வட்டவடைக் குளிரில் ஆஸ்திரேலியச் செடிகள்: எதை நடலாம், எதைத் தொடவே கூடாது?

கோவிலூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வட்டவடைப் பஞ்சாயத்தில், கோவிலூருக்கு மேலே ஏறுகிற சரிவில் இருக்கிறது, 1,500 மீட்டருக்கும் மேலே. நிலத்தின் மேல்பாதி அப்பா காலத்திலிருந்தே கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம். கீழ்ப்பாதி தட்டுத் தட்டாக வெட்டிய நிலம், பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் போடுவோம். கிராண்டிஸை எல்லாம் வெட்டி விற்றாயிற்று, இப்போது அங்கே அடிக்கட்டைகளும் அவற்றிலிருந்து விடாமல் துளிர்க்கிற குச்சிகளும்தான் இருக்கின்றன.

வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அதைச் சுற்றி ஒரு தோட்டம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. குருவிகள் வர வேண்டும், வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்க வேண்டும், பனிக்கும் தாங்க வேண்டும். மூணாறில் ஒரு பங்களா வாசலில் பாட்டில் பிரஷ் பூத்து நிற்க, அதில் தேன்சிட்டுகள் மொய்த்ததைப் பார்த்ததிலிருந்து அந்த வகைச் செடிகள் மேல்தான் மனசு. தேடிப் பார்த்தால் கிரெவில்லியா, பேங்க்சியா, வாராட்டா, கங்காரு பா என்று ஒன்றைவிட ஒன்று அழகாக இருக்கிறது, எல்லாமே ஆஸ்திரேலியா.

ஆனால் எங்கள் ஊரில் ஆஸ்திரேலியா என்று வாயைத் திறந்தாலே காட்டில் பரவிக் கிடக்கிற வாட்டில் மரம்தான் ஞாபகத்துக்கு வரும். கிராண்டிஸும் வாட்டிலும் ஓடையை வற்ற வைத்தது போதாதா, நீ வேறு கொண்டுவந்து நடப்போகிறாயா என்று சித்தப்பா கோபித்துக்கொள்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா எங்களுக்குக் கூப்பிடு தூரம். அதனால்தான் எதையும் வாங்குவதற்கு முன்னாலேயே இங்கே கேட்கிறேன். அந்த நாட்டுச் செடி எல்லாமே வாட்டில் மாதிரிதானா? நடலாம் என்றால் எங்கள் மண்ணுக்கும் மழைக்கும் எது நிற்கும்? தெரிந்தவரிடம் சொல்லி அங்கிருந்து விதை வாங்கி வரச் சொல்லலாமா? ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

சோலைப்புல்:

தங்கச்சி, முதலில் கேட்டதற்கு நன்றி. நடுகிறவர்கள் பெரும்பாலும் நட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

என் பேச்சு கொஞ்சம் கடுமையாக இருக்கும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். பழத்தோட்டம் என்கிற ஊர்ப் பக்கம் வாட்டிலைப் பிடுங்கி உள்ளூர்ப் புல் நடுகிற வேலையில் நானும் போயிருக்கிறேன். வாட்டில் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அகேசியா மியர்ன்சி. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று மலைக்கு வந்த மரம். உலகிலேயே மோசமாகப் பரவும் நூறு அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு அமைப்பு போட்ட பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அதன் விதைக்குத் தோல் கல் மாதிரி கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். மேலே தீ ஓடினால் போதும், அந்தச் சூட்டில் தோல் வெடித்து ஒரே மழையில் ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். 2019இல் எங்கள் பக்கம் பெரிய தீ பிடித்ததே, அதற்கு அப்புறம் வந்து பார்த்திருந்தால் தெரியும், கால் வைக்க இடமில்லாமல் வாட்டில் நாற்று. போதாததற்கு அது பயறு வகைக் குடும்பம், காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணில் சேர்த்துவிடும். நம் மலைப்புல் மெலிந்த மண்ணில் வாழப் பழகியது, மண் கொழுத்தால் அந்த இடத்தை வேறு களைதான் பிடிக்கும்.

அந்தப் புல்லை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, சோலை மரத்தைத்தான் காடு என்று சொல்கிறோம். பெய்கிற மழையை வேர்ப்பிடிப்பில் வாங்கி வைத்து, கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான். நம் ஓடைத் தண்ணீர் மேற்கே போவதில்லை, கிழக்கே பாம்பாற்றில் சேர்ந்து அமராவதிக்குப் போகிறது, உடுமலைப்பேட்டைக்காரன் வயலும் இதை நம்பித்தான் இருக்கிறது. புல்வெளியில் அடர்த்தியாக மரம் நின்றால் அது குடிக்கிற தண்ணீர் கணக்கே வேறு. தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே 1995இல் அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கி, ஆற்று நீரைக் காப்பாற்ற ஆள் வைத்து வாட்டிலையும் மற்ற அயல் மரங்களையும் வெட்டி வருகிறது.

அதனால் என் யோசனை இதுதான். உங்கள் வீடு இருப்பது சோலை விளிம்பு, குறிஞ்சிமலைச் சரணாலயமும் பக்கம். அயல்செடி வேண்டாம். பூவும் குருவியும் வேண்டும் என்றால் நம் காட்டிலேயே இருக்கிறது. காட்டுப்பூவரசு பூத்தால் அந்தச் சிவப்புக்கு எந்த நாட்டுச் செடியும் ஈடு கிடையாது.

போடிக்காரி, ஹோபார்ட்:

எனக்குச் சொந்த ஊர் போடி, இப்போது இருப்பது டாஸ்மேனியாவில் ஹோபார்ட். இங்கே வீட்டைச் சுற்றி இந்த ஊர்ச் செடிகளைத்தான் வளர்க்கிறேன், வார இறுதியில் களை பிடுங்கும் தன்னார்வக் குழுவோடும் போவதுண்டு. சோலைப்புல் அண்ணன் சொன்ன வாட்டில் கதையை அதன் சொந்த ஊரிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அகேசியா மியர்ன்சி இங்கே சாதாரண மரம். ரொம்ப நாள் வாழாது. பட்டைக்குள் புழு துளைக்கும், அந்தப் புழுவுக்காகக் கறுப்புக் காக்கட்டூ வந்து பட்டையைக் கிழித்துப் போடும், விதையைத் தின்ன வண்டு இருக்கிறது, இலையில் பூஞ்சைக் கழலை வரும். இத்தனை பேர் தின்றது போக மிஞ்சுவதுதான் வளர்கிறது. நம் மலைக்கு மரம் மட்டும் வந்தது, அதைத் தின்கிறவர்கள் யாரும் கூட வரவில்லை. கிராண்டிஸும் அப்படித்தான், நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து கடலோரத்தில் ஈரப் பள்ளத்தாக்குகளில் இருக்கிற மரம் அது. தண்ணீர் உள்ள இடத்து மரத்தைக் கொண்டுபோய் புல்மேட்டில் வரிசையாக நட்டால் அது தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும்.

இன்னொன்று. இந்த நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதிச் செடி இன்னொரு பகுதியில் களையாக மாறியிருக்கிறது. கூட்டமுண்ட்ரா வாட்டில் என்று வெள்ளி நிற இலையோடு பார்க்கவே கொள்ளை அழகான ஒன்று, நியூ சவுத் வேல்ஸின் தெற்கில் ஒரு சின்ன வட்டாரம்தான் அதன் பூர்வீகம். தோட்டத்துக்கு என்று நாடு முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள், இப்போது விக்டோரியாவில் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எந்த நாட்டுச் செடி என்று கேட்பதைவிட விதை எப்படிப் பயணிக்கிறது, மண்ணில் எவ்வளவு காலம் கிடக்கிறது, தீக்கும் வெட்டுக்கும் அப்புறம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் தேறாத ஆஸ்திரேலியச் செடிகள் நிறைய உண்டு. வாட்டில் வகை எதுவும் வேண்டாம், மஞ்சள் பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹேக்கியா வேண்டவே வேண்டாம், தென்னாப்பிரிக்க மலைகளில் அது படுத்தும் பாடு பெரிது. பேங்க்சியாவிலும் எரிசிஃபோலியா அங்கே பரவியிருக்கிறது.

தேறுகிறவையும் இருக்கின்றன. ராபின் கோர்டன் என்ற கிரெவில்லியா கலப்பினம் விதை பிடிக்காது, பந்தல் உயரத்துக்குக் கூடப் போகாது, கிட்டத்தட்ட வருடம் முழுக்கச் சிவப்பாகப் பூக்கும், தேன்சிட்டு கண்டிப்பாக வரும். சிலருக்கு அதன் இலையும் பூவும் பட்டால் தோல் அரிக்கும், கவாத்து பண்ணும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாராட்டாவும் தன் போக்கில் பரவாது, ஆனால் பிடிவாதக்காரச் செடி, வடிகால் துளி குறைந்தாலும் செத்துவிடும்.

மழை விஷயத்தில் ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்முனைச் செடிகள் குளிர்காலத்தில் நனைந்து கோடையில் காய்ந்து பழகியவை. கங்காரு பா அந்த ஊர்க்காரன். நம் பக்கம் ஜூன் ஜூலையில் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து வரும்போது அதன் இலை கறுத்துப் போகும், மையைக் கொட்டினது போலப் பரவும் பூஞ்சை நோய் அது. கிழக்குக் கரைச் செடிகளுக்குக் கோடை மழை பழக்கம், அவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஹோபார்ட்டில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் மழை, மூணாறில் 3,000க்கு மேல், அதனால் என் தோட்டத்தில் நிற்பதெல்லாம் உங்களிடம் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். வட்டவடை மழை மறைவுப் பக்கம் என்பது உங்களுக்கு ஒரு சௌகரியம்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன், உரம். இந்தக் கண்டத்து மண் மிகப் பழையது, மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அரித்துப் போய்விட்டது. கிரெவில்லியா, பேங்க்சியா, வாராட்டா மூன்றும் ஒரே குடும்பம், அவற்றின் வேர் கொத்துக் கொத்தாகப் பிரஷ் போல முளைத்து, அமிலத்தைக் கசியவிட்டு, மண்ணில் ஒட்டிக் கிடக்கும் துளி மணிச்சத்தையும் பிடுங்கி எடுக்கும். அப்படி எடுக்கப் பழகிய வேருக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. டிஏபி உரம் போட்டால் அதில் 46 சதவீதம் மணிச்சத்து, உள்ளே போய் நஞ்சாகிவிடும். இலை ஓரம் தீய்ந்து, புதுத்துளிர் வெளிறி, கொஞ்ச நாளில் செடியே போய்விடும். வெறுமனே விட்டால் வளர்ந்திருக்கும் செடியை அன்பாக உரம் போட்டே கொன்றவர்கள் இங்கேயும் நிறையப் பேர்.

தேவிகுளம் நாற்றங்கால்:

அக்கா சொன்ன உர விஷயத்துக்கு ஆயிரம் லைக். இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஃபாக்டம்பாஸ் உர மூட்டையில் 20-20 என்று எழுதியிருக்கிறதே, அந்த இரண்டாவது 20தான் மணிச்சத்து. அதன் பக்கமே போகாதீர்கள். கோழி எருவும் எலும்புத்தூளும் இயற்கை உரம்தானே என்று குழிக்குள் கொட்டுவார்கள், அவற்றிலும் மணிச்சத்து நிறைய. சுண்ணாம்பும் வேண்டாம், இந்தச் செடிகளுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

கோவிலூர் அக்கா, அதனால் உங்கள் பூண்டுத் தட்டில் ஒரு கிரெவில்லியாவும் வைக்க வேண்டாம். வருடக்கணக்கில் உரம் போட்ட மண் அது. மேலே கிராண்டிஸ் நின்ற இடத்துச் செம்மண்ணில் வையுங்கள், நம் மலைச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம், அவை மணிச்சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், மற்ற பயிருக்கு அது தொல்லை, இந்தக் குடும்பத்துக்கு அது வரம். அடிக்கட்டைகளை முதலில் தோண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வைத்த செடிக்கும் துளிர்க்கிற கிராண்டிஸுக்கும் தண்ணீர்ச் சண்டைதான்.

அப்புறம் ஒட்டுக்கட்டும் வேலை. தேயிலைக் காட்டில் நிழலுக்கு நிற்கிற, மிளகுக்கொடி ஏறுகிற சில்வர் ஓக் மரமும் ஒரு கிரெவில்லியாதான், கிரெவில்லியா ரொபஸ்டா, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவிலேயே சீக்கிரம் சாகிற கிரெவில்லியா வகைகளை இதன் வேரில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். நமக்கு நாற்றுக்குப் பஞ்சமே இல்லை. பென்சில் கனத்துக்கு வந்த நாற்றை எடுத்து, மாவுக்கும் முந்திரிக்கும் கட்டுகிற அதே மென்தண்டு ஒட்டுதான், தலையை வெட்டி நடுவில் பிளந்து, பாதி முற்றிய குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். எல்லா வகையும் ஒட்டாது, சில வகை ஒட்டிய பிறகும் இரண்டு மூன்று வருடத்தில் பிரிந்து போகும். ஆனால் ஒட்டிவிட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும் பயம் நன்றாகக் குறைகிறது.

பாட்டில் பிரஷுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். அது நாவலும் கொய்யாவும் சேர்ந்த குடும்பம், ஈரம் பொறுக்கும், மண்ணைப் பற்றிக் கவலைப்படாது. பூத்து முடிந்ததும் பூ இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே கவாத்து வெட்டுங்கள், செடியும் அடர்த்தியாகும், குச்சியைச் சுற்றி மணி மணியாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் விதையைப் பத்திரப்படுத்துகிற அந்தக் காய்களும் சேராது. ஓடைக்கரையில் மட்டும் வைக்க வேண்டாம்.

பனிக்கு: செண்டுவாரை, எல்லப்பட்டி மாதிரி பள்ளமான இடங்களில்தான் ஜனவரியில் புல் வெள்ளையாக உறைகிறது, குளிர்ந்த காற்று கனமானது, வழிந்து பள்ளத்தில் தேங்கும். உங்களுடையது சரிவு என்பதால் பாதி கவலை இல்லை. செடிக்கு மேல்பக்கம் வேலியையோ சுவரையோ குறுக்கே கட்டி வைத்தால் பனிக்காற்று செடிக்கு வராமல் தடுபடும், செடிக்குக் கீழ்ப்பக்கம் கட்டினால் அங்கேயே தேங்கிவிடும், இதை மட்டும் கவனியுங்கள். முதல் இரண்டு குளிர்காலம் இரவில் சாக்கு போட்டு மூடினால் போதும்.

கோவிலூர்க்காரி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அதைத்தானே நானும் சொன்னேன் என்கிறார்.

ஹோபார்ட் அக்கா, விதை வாங்கி வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம் அந்த விதைகளை முளைக்க வைக்கப் புகை காட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்தேன், அது உண்மையா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, கொஞ்சம் விவரமில்லாமல் கேட்பதாகத் தோன்றலாம். அங்கே அழிந்து வருகிற செடிகளை நம்மைப் போலக் குளிர்ந்த ஊர்க்காரர்கள் வளர்த்தால் அந்தச் செடிக்கு ஏதாவது உதவியா? சும்மா அழகுக்கு மட்டும் இல்லாமல் அப்படி ஒரு பயன் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

போடிக்காரி, ஹோபார்ட்:

விவரமில்லாத கேள்வி இல்லை, இங்கே பெரிய பெரிய தோட்டங்கள் கேட்கிற கேள்வி.

1994இல் சிட்னிக்கு வடமேற்கே வொல்லமை தேசியப் பூங்காவில் ஒரு பள்ளத்தாக்குக்குள் வொல்லமை பைன் என்ற மரத்தைக் கண்டுபிடித்தார்கள், புதைபடிவமாக மட்டுமே தெரிந்த வம்சத்து மரம், உயிரோடு காட்டில் நிற்கும் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. இருக்கிற இடத்தை ரகசியமாக வைத்தார்கள், அதே நேரம் நாற்று உண்டாக்கி வெளிப்படையாக விற்றார்கள், ஆசைப்பட்டவன் காட்டுக்குள் திருடப் போகாமல் கடையில் வாங்கட்டும் என்று. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அந்தப் பெரிய தீ வந்தபோது தீயணைப்புக்காரர்கள் உள்ளே இறங்கிக் குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி அந்த மரங்களைக் காப்பாற்றினார்கள். ஒரு பள்ளத்தாக்கு எரிந்தாலும் வம்சம் போகாது என்கிற அளவுக்கு இப்போது அது பல நாட்டுப் பூங்காக்களில் நிற்கிறது.

எங்கள் டாஸ்மேனியாவின் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். தென்மேற்கு மூலையில் லொமேஷியா டாஸ்மேனிகா என்று ஒரு செடி, கிரெவில்லியா குடும்பம்தான், சிவப்பாகப் பூக்கும், ஆனால் காய்க்காது. குரோமோசோம் மூன்று மூன்றாக இருப்பதால் விதையே பிடிக்காது. கிளை விழுந்து வேர் பிடித்து, விழுந்து வேர் பிடித்து, ஒரே செடிதான் இன்று சுமார் 500 தண்டுகளாக நிற்கிறது. பக்கத்தில் கிடைத்த அதே மாதிரி இலைப் படிவத்தின் வயது 43,600 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தீயோ ஒரு வேரழுகலோ அந்த ஒரே இடத்துக்குள் வந்தால் கதை முடிந்தது. அதனால் இங்குள்ள ராயல் டாஸ்மேனியன் தாவரவியல் பூங்காவில் குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்து வளர்த்து வருகிறார்கள். அதே பூங்காவில் 2005 முதல் விதை வங்கி ஒன்றும் இருக்கிறது, காட்டு விதைகளைச் சேகரித்து, உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தங்கச்சி, இந்த வேலையில் உதவுவது எந்தச் செடி எந்த இடத்தில் எடுத்தது என்ற பதிவுதான். கடையில் வாங்கிய பெயர் தெரியாத கலப்பினத்தை ஆயிரம் பேர் வளர்த்தாலும் காட்டில் இருக்கிற வம்சத்துக்கு ஒன்றும் சேராது. அந்தப் பயனுக்காக என்று மனசைத் தேற்றிக்கொண்டு நட வேண்டாம், அழகுக்கு என்றால் அழகுக்கு என்றே நடுங்கள், அதில் தப்பில்லை.

விதையை யாரிடமும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம், தயவு செய்து. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2010இல் இங்கே மிர்ட்டில் துரு என்ற பூஞ்சை வந்து சேர்ந்தது, தென் அமெரிக்காவில் கொய்யாவில் இருந்த நோய். கொஞ்ச வருடத்தில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் சில மர வகைகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டது. நம் சோலையில் நாவல் இனங்கள் எத்தனை இருக்கின்றன என்று அண்ணனைக் கேளுங்கள், எல்லாம் அந்தக் குடும்பம்தான். செருப்பு மண்ணையும் சொல்லியாக வேண்டும். ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி ஈர மண்ணோடு காலில் ஒட்டிப் போகும், அதனால் இங்கே பல காட்டுப் பாதைகளின் வாசலில் செருப்பைத் தேய்த்துக் கழுவ இடம் வைத்திருக்கிறார்கள். ஏலக்காயில் அழுகல், மிளகில் வாடல் என்று நம் பக்கம் படுத்துவதும் இதே ஃபைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்த கிருமிகள்தான், உங்களுக்குப் புதிதில்லை.

புகை உண்மைதான். காட்டுத்தீக்கு அப்புறம் முளைக்கப் பழகிய விதைகளுக்குச் சூடு மட்டும் போதாது, சிலவற்றுக்குப் புகையில் உள்ள ஒரு பொருள் வேண்டும், அந்தப் பொருளை 2004இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தார்கள். காய்ந்த வைக்கோலை மூட்டி அந்தப் புகையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்தத் தண்ணீரில் விதையை ஊற வைப்பார்கள். பாட்டில் பிரஷுக்கு இது எதுவும் தேவையில்லை, பொடி விதை, ஈர மணல் மேல் தூவி மூடாமல் விட்டாலே முளைக்கும்.

சோலைப்புல்:

போடி அக்கா எழுதியதைப் படித்தபின் எனக்கும் கொஞ்சம் சமாதானம். விதை பிடிக்காத கிரெவில்லியாவும், கவாத்து தவறாமல் வெட்டுகிற பாட்டில் பிரஷும் வீட்டு வாசலில் நின்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் வாசல் வரைக்கும்தான். கிராண்டிஸ் நின்ற மேல்சரிவில் வாசலுக்கு அப்பால் மிச்சம் இருப்பதை நம் செடிக்கு விடுங்கள் தங்கச்சி, நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அக்கா சொன்ன அந்தப் பதிவு விஷயம் நமக்கும் பொருந்தும். ஊட்டியிலிருந்தோ எங்கிருந்தோ வருகிற நாற்று வேண்டாம், நம் பள்ளத்தாக்கு விதையிலிருந்து வளர்ந்த நாற்றாக வாங்குங்கள். விளிம்பில் காட்டுப்பூவரசு வையுங்கள், மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். ஓடை ஓரத்தில் ஈரம் இருக்கிற இடத்துக்கு மரப்பெரணி. அதற்கு மேலே நாவல் இனம், காட்டுச் செண்பகம். வெயில் படுகிற இடத்தில் தவிட்டுப்பழச் செடி, அதன் ரோஸ் நிறப் பூவைப் பார்த்தால் நீங்கள் வாராட்டாவைத் தேட மாட்டீர்கள், பழத்துக்குக் கொண்டைக்குருவிகள் வரிசையில் நிற்கும், பிள்ளைகளும் தின்னலாம். இதுவும் அக்கா சொன்ன அதே கொய்யாக் குடும்பம்தான், அதனால்தான் அந்தத் துரு நோய்ப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030, இப்போது விதையிலிருந்து வந்த செடிகள் எல்லாம் ஒன்றாகத்தான் அப்போது பூக்கும். சரணாலயத்துக்குள் போய் விதை எடுக்கக் கூடாது, வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் கேட்டு முறைப்படி வாங்குங்கள்.

நடுவில் மிஞ்சுகிற இடம் முழுக்கப் புல். புல்லை நட்டு வளர்ப்பதா என்று சிரிப்பவர்களும் உண்டு. நாங்கள் செய்வது இப்படித்தான்: தூரைப் பிரித்து, இலையை அரையடிக்கு வெட்டிவிட்டு, தென்மேற்கு மழை பிடித்த உடனே ஓரடி இடைவெளியில் நடுவோம். முதல் வருடம் வெறிச்சென்றுதான் இருக்கும். இரண்டாவது மழையில் தூர் பருத்து மண்ணை மூடிவிடும். இதற்கு நடுவில் வாட்டில் நாற்று வந்துகொண்டே இருக்கும், மழைக்காலத்தில் மண் இளகி இருக்கும்போது கையாலேயே வேரோடு வந்துவிடும், விரல் கனத்துக்கு மேலே விட்டால் மண்வெட்டி வேண்டும். பெரியதை வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து திரும்பவும் கிளம்பும், தரைமட்டத்துக்குக் கீழே வரைக்கும் பட்டையை உரித்துவிட வேண்டும். தீ மட்டும் வைக்கவே கூடாது, குப்பையைக்கூட அந்தப் பக்கம் எரிக்காதீர்கள்.

கோவிலூர்க்காரி:

சரி அண்ணே, மேல்சரிவு முழுக்கப் புல்லுக்கும் சோலைச் செடிக்கும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். வாசலில் ராபின் கோர்டன் இரண்டு, பாட்டில் பிரஷ் ஒன்று, கங்காரு பா ஆசைக்கு ஒரே ஒரு தொட்டியில் மழை படாத தாழ்வாரத்தில். வாராட்டா இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம். மேல்சரிவிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து வாசல் வழியாகத்தான் கீழே போகும், கிரெவில்லியாவுக்கு மேட்டுப்பாத்தி எவ்வளவு உயரம் போட வேண்டும்? மண்ணைச் சோதிக்க வேண்டுமா?

தேவிகுளம் நாற்றங்கால்:

முழங்கால் உயரம் போதும் அக்கா, ஆனால் பாத்திக்கு மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி வழிகிற தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், உயரத்தைவிட அதுதான் முக்கியம். பாத்திக்கு அந்தச் செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது சின்னக் கல், சாணம் வேண்டாம், மேலே கிராண்டிஸ் பட்டைத் துண்டுகளையே மூடாக்காகப் போடலாம், ஆனால் சில மாதம் மக்க விட்டபின். தண்டை ஒட்டிப் போடாதீர்கள். மண் சோதனை அவசியம் செய்யுங்கள், கிருஷி பவனில், அதாவது வேளாண் அலுவலகத்தில், கொடுத்தால் அனுப்பித் தருவார்கள், கார அமில அளவும் மணிச்சத்தும் மட்டும் பார்த்தால் போதும். மணிச்சத்து அதிகம் என்று வந்தால் அந்த இடத்தில் பாட்டில் பிரஷை வைத்துவிட்டு கிரெவில்லியாவுக்கு வேறு மூலை பாருங்கள். ஒட்டுச் செடி என்னிடம் இப்போது கையிருப்பில் இல்லை, மழைக்கு முன்னால் கட்டியவை செப்டம்பருக்குமேல் தயாராகும், அதற்குள் நீங்கள் கட்டைகளைத் தோண்டி முடித்துவிடுங்கள்.